இன்ஷூரன்ஸ் கவுன்ட்டருக்கு உள்ளே ஒரு எட்டு!

கம்பெனி கொடுத்த காரை வருஷக்கணக்கில் ஓட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்த பெட்ரோல் பங்க்கில் கூட்டம் குறைவு, எந்த சர்வீஸ் சென்டரில் காபி நன்றாக இருக்கும் எல்லாம் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் எந்த மாசம் முடிகிறது என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். அது அட்மின் டிபார்ட்மென்ட் பார்த்துக்கொள்கிற சமாசாரம். டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஜெராக்ஸ் கிடக்கும். போலீஸ்காரர் கை காட்டினால் எடுத்து நீட்டுவார்கள், அதோடு சரி.

அப்படிப்பட்ட ஒருவர்தான் என் சித்தப்பா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றார். அத்தனை காலம் தனக்கென்று ஒதுக்கியிருந்த அதே காரைக் கம்பெனியிடம் விலைக்கு வாங்கிக்கொண்டார். படிவம் 29, படிவம் 30 எல்லாம் கொடுத்து ஆர்.சி. புத்தகம் அவர் பெயருக்கு மாறிவிட்டது. அடுத்து இன்ஷூரன்ஸ். அறுபது வயதில், வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் பெயரில் கார் பாலிசி! அதற்காக அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குக் கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. அங்கே இருந்த அதிகாரி அம்மா, "உள்ள வந்து உக்காருங்க, என்ன வேணாலும் கேளுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இதைவிட வேறென்ன வேண்டும்!

முதல் ஆச்சரியம் கார் நம்பரிலேயே வந்தது. அவர் டி.என். என்று தொடங்கி நம்பரை மட்டும்தான் தட்டினார். எஞ்சின் எத்தனை சி.சி., பெட்ரோலா டீசலா, எந்தத் தேதியில் பதிவானது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று அத்தனையும் 'வாகன்' என்ற தேசியப் பதிவேட்டிலிருந்து திரையில் கொட்டியது. 1197 சி.சி., பெட்ரோல். உரிமையாளர் என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயர். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார்.

"ஆர்.சி. மாறி எத்தனை நாள் ஆச்சு சார்?" அதிகாரி கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. கார் கை மாறினால் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். அடுத்தவர் மீது நம் கார் மோதினால் கொடுக்கும் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவின்படி புது உரிமையாளருக்குத் தானாக வந்துவிடும். நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. 1995-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி. உங்கள் பெயரில், பாலிசி கம்பெனி பெயரில் என்று கிடக்கும் நாட்களில் காரை எங்காவது இடித்தால், சேதத்துக்குக் கம்பெனியும் கேட்க முடியாது, நீங்களும் கேட்க முடியாது. கம்பெனி காரை வாங்குகிற எல்லோரும் சுவரில் எழுதி மாட்ட வேண்டிய எண் இந்த 14.

அடுத்து வந்ததுதான் நான் ஆவலோடு காத்திருந்த இடம். என்.சி.பி. என்கிற நோ க்ளெய்ம் போனஸ்!

ஒரு வருஷம் முழுக்க க்ளெய்ம் செய்யாமல் இருந்தால் அடுத்த வருஷம் காரின் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து இரண்டு வருஷம் என்றால் 25. மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்து வருஷத்துக்கு 50. அதற்கு மேல் ஏறாது. ஆனால் இந்தத் தள்ளுபடி காருக்கு உரியதா, ஆளுக்கு உரியதா? பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு உரியது. காரோடு போகாது, வாங்குகிறவருக்கு வராது. அப்படியென்றால் கம்பெனி காரை இத்தனை வருஷம் பூப்போல ஓட்டிய சித்தப்பாவுக்கு? பாலிசி கம்பெனி பெயரில். தள்ளுபடியும் கம்பெனியின் சொத்து. ஸ்டியரிங் பிடித்த கை யாருடையது என்று அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

"அப்ப நான் பூஜ்யத்துலேருந்துதான் ஆரம்பிக்கணுமாம்மா?" சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"அவசரப்படாதீங்க சார்" என்று எழுந்து போனார் அதிகாரி. அலமாரியின் மேல் தட்டிலிருந்து, ஓரமெல்லாம் மடங்கிப்போன ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தார். இந்திய மோட்டார் டாரிஃப்! 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. காரின் சேதத்துக்கான பிரீமியத்தை நிர்ணயிக்கும் கட்டுப்பாடு 2007-ல் விலகிவிட்டது. இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் விலை போடுகிறது. என்.சி.பி. விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தகத்தின் 27-வது பொது விதிதான் இன்றும் எல்லோருக்கும் மூலம். விரலால் வரி வரியாக இறங்கி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

அங்கே இருந்த விஷயம் இதுதான். ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான காரை ஓர் ஊழியருக்கு ஒதுக்கி, அவர் மட்டுமே அதைப் பயன்படுத்தியிருந்தால், பிறகு அந்தக் கார் அவர் பெயருக்கே மாறும்போது, அந்தக் காலத்தில் சேர்ந்த என்.சி.பி. அந்த ஊழியருக்குச் சேர வேண்டும். அதற்குத் தேவையானது வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்! இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, கம்பெனி காரை ஓட்டும் மனிதரைப் பற்றி யோசித்து, அவருக்காகவே ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார். எத்தனை பேர் அது இருப்பது தெரியாமலே முழு பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

கடிதத்தில் இருக்க வேண்டியது அதிகமில்லை. கார் நம்பர், ஊழியர் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அந்தக் கார் அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, அவர் மட்டுமே பயன்படுத்தினார் என்ற உறுதி. அந்த 'மட்டுமே'தான் உயிர்நாடி. நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் பொதுக் காருக்கு இந்தச் சலுகை கிடையாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: அதே கார் உங்கள் பெயருக்கு வர வேண்டும். கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷோரூமில் புதுக் கார் எடுத்தால், என்.சி.பி. கணக்கு பூஜ்யத்திலிருந்துதான். எத்தனை வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அது செல்லாது. இது நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓட்டுகிறவர் அதே ஆள்தானே!

சித்தி ஓட்டும் ஸ்கூட்டருக்கு முழு 50 சதவீதம் இருக்கிறது, அதை இங்கே போட முடியுமா என்றும் சித்தப்பா கேட்டுப் பார்த்தார். முடியாது. ஆள் வேறு, வண்டியின் வகையும் வேறு. இரு சக்கர வண்டியில் சேர்ந்தது காருக்கு ஆகாது. ஆனால் துபாயிலோ மஸ்கட்டிலோ தன் பெயரில் பாலிசி எடுத்து க்ளெய்ம் இல்லாமல் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு அதே 27-வது விதியில் வழி இருக்கிறது. அங்கே பாலிசி முடிந்த மூன்று வருஷத்துக்குள் இங்கே பாலிசி எடுத்தால் அந்தத் தள்ளுபடியைக் கேட்கலாம். நம்மூர் வளைகுடாக்காரர்கள் அந்தப் பழைய பாலிசியையும் சான்றையும் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் நல்லது.

கடிதம் வந்தால் போதுமா? இங்கேதான் திரைக்குப் பின்னால் இருக்கும் வேலை. சித்தப்பாவின் கம்பெனி வேறொரு நிறுவனத்தில் பாலிசி போட்டிருந்தது. புது நிறுவனம் தள்ளுபடியைக் கொடுத்துவிட்டு, 21 நாளுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். டாரிஃப் காலத்தில் கடிதப் போக்குவரத்தாக நடந்தது இது. இப்போது ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையத்தில் எல்லா நிறுவனங்களின் பாலிசி, க்ளெய்ம் விவரங்களும் சேர்கின்றன. க்ளெய்ம் வாங்கிவிட்டு "இல்லை" என்று கையெழுத்துப் போட்டால் பிடிபடும். பிடிபட்டால் தள்ளுபடி மட்டும் போகாது, காரின் சேதத்துக்கான பாதுகாப்பே பறிபோகும்.

கம்பெனி கார் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கமானது. ஓட்டியவர் "நான் ஒரு க்ளெய்மும் பண்ணலை" என்று மனசாரச் சொல்வார். எங்கேயோ ஒரு பம்பர் உரசலுக்கு அட்மின் பிரிவு சத்தமில்லாமல் க்ளெய்ம் வாங்கியிருக்கும். அதனால் கடிதத்தோடு பழைய பாலிசிகளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. கடைசிப் பாலிசியில் என்.சி.பி. எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், அதற்கு முந்தைய வருஷங்களின் கதையை அதுவே சொல்லிவிடும்.

சித்தப்பாவின் பழைய மனிதவளப் பிரிவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. போன் போட்டார். சாயங்காலத்துக்குள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதமும், பாலிசி நகல்களும் மின்னஞ்சலில் வந்து விழுந்தன. கடைசிப் பாலிசியில் பளிச்சென்று 50 சதவீதம்! பாடி ஏரியாவில் ஒரு முறை கதவில் கீறல் விழுந்தபோது கம்பெனியிடம் சொல்லாமல் கைக்காசு போட்டு டிங்கரிங் பார்த்தாராம். "அன்னிக்கு சித்தி திட்டினா" என்று சிரித்தார். அந்த டிங்கரிங்தான் இன்றைக்குச் சேதப் பிரீமியத்தில் பாதியைக் காப்பாற்றியிருக்கிறது.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். தோளில் ஒரு பை, கையில் போன், சட்டைப் பையில் பென்சிலோடு ஓர் இளைஞர் வந்தார். இவர் வேலை பார்த்ததை நாள் முழுக்க நின்று பார்க்கலாம்! காரைச் சுற்றி ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்தார். பிறகு பானெட், ஃபெண்டர், கதவுகள், டிக்கி, பம்பர் என்று பகுதி பகுதியாகக் குனிந்து பார்த்து, எது கீறல், எது நசுங்கல், எது ஏற்கெனவே பெயின்ட் அடித்தது என்று குறித்துக்கொண்டார். வெயில் பட்டுப் பளபளக்கும் பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால்தான் நசுங்கல் தெரியும் என்று எனக்கும் காட்டிக்கொடுத்தார். முன் கண்ணாடியைத் தனியாக ஒரு படம். சாவியைத் திருப்பி, ஓடிய கிலோமீட்டரோடு மீட்டரை ஒரு படம்.

கடைசியில் அந்தப் பென்சில்! சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். எண்ணும் எழுத்தும் ஒவ்வொன்றாகத் தாளில் வெள்ளையாக எழும்பி வந்தன. பள்ளிக்கூடத்தில் நோட்டுக்கு அடியில் நாணயத்தை வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தை. செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்திலும் இந்தப் பென்சில் பிரிண்ட்டுக்கு மவுசு குறையவில்லை. எண்ணைத் தட்டி மாற்றியிருந்தாலோ, வெட்டி ஒட்டியிருந்தாலோ பென்சில் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி விலை. காருக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்பதுதான் ஐ.டி.வி. கார் முழுசாகப் போய்விட்டாலோ திருடுபோனாலோ கிடைக்கும் உச்சத் தொகை அது. புதுக் கார் ஆறு மாசத்திலேயே 5 சதவீதம் தேய்கிறது. நாலிலிருந்து ஐந்தாவது வருஷத்துக்குள் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஐந்தைத் தாண்டினால் அட்டவணை கிடையாது, நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டும். சித்தப்பாவின் கார் அந்த எல்லையைத் தாண்டியது. பேரம் நடந்தது! பிரீமியம் குறையட்டும் என்று சிலர் மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்வார்களாம். அதை நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக, கார் காணாமல் போகும் நாளில் ஆயிரக்கணக்கில் இழக்க வேண்டியிருக்கும்.

பதிவான ஊரும் பழைய டாரிஃபில் ஒரு கணக்கு. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், புனே, அகமதாபாத் ஆகிய எட்டும் 'ஏ' மண்டலம். மற்ற ஊரெல்லாம் 'பி'. 'ஏ'யில் விகிதம் கொஞ்சம் அதிகம்.

மூன்றாம் தரப்புக்கான தொகையில் மட்டும் எந்த நிறுவனமும் கை வைக்க முடியாது. அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதத்தில் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதில் என்.சி.பி. தள்ளுபடி செல்லாது. 50 சதவீதம் என்றதும் மொத்தத் தொகையும் பாதியாகும் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குக்குச் சேதப் பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொண்டால், அது 5,000 ஆகும். கூட 3,416. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக, அந்த ஒரே ஒரு கடிதம் மிச்சம் பிடித்துக் கொடுப்பது வரியோடு சேர்த்து 5,900 ரூபாய். அதுவும் ஒரு வருஷத்துக்கு!

புதுக் கார் வாங்குகிறவர்கள் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பை மூன்று வருஷத்துக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். இதற்குப் பின்னால் இருப்பவர் நம் கோயம்புத்தூர்க்காரர் என்று தெரிந்தபோது எனக்குப் புல்லரித்தது. கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைப் பற்றி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு அது. அதில் 2018 ஜூலையில் வந்த உத்தரவின்படி, செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷம், புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருஷம் என்று ஆனது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதி அடிபட்டவர்கள் நஷ்ட ஈடு கிடைக்காமல் நிற்கும் நிலையை மாற்ற, ஒரு மருத்துவர் போட்ட வழக்கில் வந்த உத்தரவு இது.

கூடுதல் பாதுகாப்புகளின் பட்டியலை அதிகாரி நீட்டியபோது சித்தப்பா இரண்டில்தான் கண் வைத்தார். ஒன்று, தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர். அதை எடுக்காவிட்டால், மாற்றும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் பாதி விலைதான் கிடைக்கும். ஆனால் ஐந்து வயதுக் காரோடு அதை நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. இங்கே கிடைத்தது, எடுத்துக்கொண்டார். இன்னொன்று எஞ்சின் பாதுகாப்பு. அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்ற ஊர் இது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் ஏறிவிட்டால், சாதாரணப் பாலிசியில் எஞ்சினுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. சென்னைக்காரர்களுக்கு இந்தக் கூடுதல் பாதுகாப்பு ஆடம்பரமே கிடையாது.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, "நாமினி யார் சார்?" என்றார் அதிகாரி.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். கார் பாலிசியில் இப்படி ஒரு கட்டம் இருப்பதே அவருக்குப் புதிது. உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 15 லட்ச ரூபாய் தரும் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு அது. சொந்தப் பெயரில் கார் வைத்து லைசென்ஸும் வைத்திருப்பவர் எடுத்தே ஆக வேண்டும். வேறு எங்காவது அதே அளவு பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தால் மட்டும் விலக்கு. கம்பெனி பெயரில் இருக்கும் காருக்கு இதைக் கொடுக்கவே முடியாது என்பது டாரிஃப் விதி. கம்பெனிக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கை ஏது? அதனால் இத்தனை வருஷம் சித்தப்பா ஓட்டிய காரின் பாலிசியில் அவர் உயிருக்கு என்று இந்தப் பாதுகாப்பு இருந்ததே இல்லை. கம்பெனியின் வேறு குழுக் காப்பீடு ஏதாவது இருந்திருக்கலாம். அதுவும் வேலையோடு முடிந்துவிடும். ஓய்வுபெறும் மாசத்தில் ஆயிரம் காகிதங்களில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த ஒன்றை விட்டுவிடக் கூடாது. சித்தியின் பெயரை அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அதிகாரி தட்டினார்.

பான், ஆதார் சரிபார்ப்பு முடிந்து பணம் கட்டியாயிற்று. பணம் வந்து சேராமல் எந்த நிறுவனமும் பாதுகாப்பைத் தொடங்கக் கூடாது; 1938-ம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு அப்படிச் சொல்கிறது. அதனால்தான் பாலிசியில் தொடங்கும் தேதி மட்டும் இருக்காது, மணியும் நிமிஷமும் இருக்கும். சித்தப்பாவின் போனில் பாலிசி வந்து இறங்கியது. முதல் வரியில் அவர் பெயர், என்.சி.பி. என்ற இடத்தில் 50!

கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பும்போது அவருக்கு ஒரு சந்தேகம். "ஏம்மா, ரெண்டு வருஷம் கழிச்சு இதை வித்துட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கினேன்னு வச்சுக்கோ. இந்த அம்பது என்ன ஆகும்?"

"அதுவரைக்கும் க்ளெய்ம் பண்ணாம இருங்க சார். விக்கும்போது எங்ககிட்ட ஒரு என்.சி.பி. சர்டிஃபிகேட் வாங்கிக்கோங்க. மூணு வருஷத்துக்குள்ள எந்தப் புதுக் கார் எடுத்தாலும் அம்பதும் உங்க கூடவே வரும்."

"அதுக்குக் கம்பெனி லெட்டர் வேணாமா?"

"வேணாம் சார். இப்ப அது உங்களோடது."